அணை என்று எழுதிய பொத்தான்

கரண்டுக்குக் காது உண்டு என்பதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். தயங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் யோசித்துப் பார்க்கலாம்: வீட்டில் இருக்கிற கடிகாரத்தைப் பற்றியோ கட்டிலைப் பற்றியோ நாம் இப்படிப் பேசுவதில்லை, கரண்டைப் பற்றி மட்டும்தான் "வந்துட்டா?" என்றும் "இப்பத்தான் போச்சு" என்றும் "இன்னும் காணலையே" என்றும், வெளியூர் போன வீட்டு மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுகிறோம், அப்படி நாள் தவறாமல் வந்து போகிற ஒரு ஆளுக்கு, நம் கூரைக்குக் கீழேயே குடியிருக்கிற ஒரு ஆளுக்கு, நாம் பேசுவது காதில் விழாமலா இருக்கும்?

சங்கரன்கோவில் ரோட்டில் மாட்டாஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற எங்கள் வளவில் எட்டு வீடுகள், இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, நடுவே முற்றம், முற்றத்தில் ஒரு கிணறு, கிணற்றுச் சுவரில் தகரக் குல்லா போட்ட மோட்டார் சுவிட்ச், வாசலில் எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே மீட்டர். அந்த மீட்டரில் இருந்து கிளம்பிய வயர் முதல் வீட்டு உத்தரத்தைத் தொட்டு, அடுத்த வீட்டு ஓட்டுக்குள் புகுந்து, பூக்கட்டுகிற நார்போல வீடு வீடாகக் கோத்துக்கொண்டு போய், போகிற வழியெல்லாம் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே போனது. அது அதிகமாகக் கேட்ட சொல் அமத்து. லைட்டை அமத்து, காத்தாடியை அமத்து, டி.வி.யை அமத்திட்டுப் படி, மோட்டாரை அமத்தியாச்சா. எங்கள் பக்கத்தில் எரிகிற எதையும் ஓடுகிற எதையும் நாங்கள் அமத்துவோம், அணைக்க மாட்டோம். அணை என்றால் எங்களுக்கு ஒன்று பாபநாசத்தில் தண்ணீரைத் தேக்கி வைத்திருப்பது, இல்லாவிட்டால் அழுகிற பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொள்வது. விளக்கோடு சம்பந்தப்பட்ட மூன்றாவது அர்த்தம் ஒன்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் உண்டுதான். ஆனால் எங்கள் வயர் பள்ளிக்கூடம் போனதில்லை.

முதல் வீட்டில் சங்கரவடிவு இருந்தாள், எதிர்வாசல் எட்டாம் வீட்டில் அவள் தங்கை உலகம்மாள் இருந்தாள், நாங்கள் கூப்பிடுவது உலகு. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே வளவில் வாழ்க்கைப்பட்டவர்கள், ஒருத்தி வைத்த குழம்பை மற்றவள் வீட்டில்தான் ருசி பார்க்க வேண்டும் என்கிற அளவுக்கு ஒட்டிக்கொண்டு கிடந்தவர்கள். ஒரு சித்திரை வெயிலில், கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்த சமயத்தில், யாரோ மோட்டாரை அமத்தாமல் போய்ப் படுத்துவிட்டார்கள். விடிந்து பார்த்தால் மோட்டாருக்குள் செம்புக்கம்பிக் காயில் கருகி, வளவு முழுக்கத் தீய்ந்த வாடை. கடைசியாகத் தண்ணீர் பிடித்தவர்கள் அக்காளும் தங்கையும். "நீ போ, நான் அமத்திக்கிடுதேன்னு சொன்னது அவ" என்றாள் வடிவு. "அவதான் சொன்னா, நான் சரின்னு போயிட்டேன்" என்றாள் உலகு. இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் பேச்சு பேச்சாகவே நிற்காமல், கல்யாணத்தில் யாருக்கு எந்தச் சேலை எடுத்தார்கள் என்பது வரை பின்னுக்குப் போய், செத்தாலும் உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்பது வரை முன்னுக்கு வந்து, ஒருவழியாக முடிந்தபோது மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டியாகிவிட்டது, சகோதரிகளுக்குக் கட்ட ஆளில்லை. உலகு தன் வீட்டு வயரை வெட்டிவிடச் சொல்லித் தனி மீட்டர் வாங்கிக்கொண்டாள். பூநாரில் இருந்து ஒரு பூ தனியே போனது.

அப்புறம் வருஷங்கள் போயின. ஒருநாள் கிணற்றடிப் பாசியில் வடிவு வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்துக் கட்டிலில் கிடத்தினார்கள். அவள் வீட்டுக்காரர் பிச்சையா அரிசி மில்லுக்குப் போய்விட்டால் சாயந்திரம்தான் வருவார். தலைக்கு மேல் காத்தாடி ஓடினால் அவளுக்குக் கால் குடைந்தது, நின்றால் முதுகு வேர்த்தது. ஒவ்வொரு தடவையும் "யாராவது வாங்களேன்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்தக் கூப்பாடு எட்டாம் வீட்டுக்கும் கேட்குமே என்ற வெட்கத்தில் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள்.

மூன்றாம் வீட்டில் குடியிருந்த ஐ.டி.ஐ. வாத்தியார் இளஞ்செழியன் இதைப் பார்த்தார். மன்னார்குடிக்காரர், கல்யாணம் ஆகாதவர், சட்டைப்பையில் பேனாவுக்குப் பதில் டெஸ்டர் வைத்திருப்பவர். வயர் இல்லாமலே காற்று வழியாக உத்தரவு போய் லைட்டையும் காத்தாடியையும் போடவும் நிறுத்தவும் செய்கிற ஒரு ரிமோட்டைத் தன் கையாலேயே செய்து, உத்தரவை வாங்கிக்கொள்கிற பெட்டியை வடிவு வீட்டுச் சுவரில் மாட்டப் பார்த்தார். பழைய சுண்ணாம்புச் சுவர், துளை போடப் போட உதிர்ந்தது. சரி என்று வாசலில் பொது மீட்டருக்குப் பக்கத்துப் பலகையிலேயே பெட்டியை மாட்டினார். அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதை கிடையாது. வாத்தியாருக்குத் தமிழ்ப்பற்று. "நம்ம வீட்டு விளக்குக்கு எதுக்குங்க ஆனும் ஆஃபும்?" என்று சொல்லி, பச்சைப் பொத்தானுக்கு மேல் 'ஏற்று' என்றும் சிவப்புப் பொத்தானுக்கு மேல் 'அணை' என்றும் மணிமணியாக எழுதி ஒட்டினார். எங்கள் வயருக்கு அந்தச் சொல்லில் என்ன தெரியும், என்ன தெரியாது என்று மன்னார்குடிக்காரருக்கு எப்படித் தெரியும்?

விளக்கு வைக்கிற நேரத்தில் வெள்ளோட்டம். வளவே முதல் வீட்டு வாசலில் நின்றது, எட்டாம் வீட்டைத் தவிர. வடிவு படுத்தவாக்கிலேயே பச்சையை அமுக்கினாள், லைட் எரிந்தது, காத்தாடி சுற்றியது, எல்லாருக்கும் சந்தோஷம். சிவப்பை அமுக்கினாள்.

லைட் நிற்கவில்லை. கொஞ்சம் கூடுதலாக, மஞ்சள் குளித்த முகம்போலப் பளிச்சென்று எரிந்தது. அந்த வெளிச்சத்தில் பிச்சையா, கையில் இருந்த காபித் தம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கல்யாணம் ஆனதில் இருந்து நாலு பேர் முன்னால் பெண்டாட்டி பக்கத்தில்கூட நிற்காத பிச்சையா, வடிவை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். வாசலில் நின்ற ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டையா தடிவீரன், எனக்கும் அவருக்கும் ஒரு முருங்கை மரம் விஷயமாகப் பேச்சே கிடையாது, திரும்பி என்னை அணைத்தார். காக்கிச் சட்டையைக் கழற்றி வருஷம் பல ஆன பிறகும் அந்த மனிதர் மேலே தோல் பெல்ட் வாடை அடித்தது. இரண்டாம் வீட்டு மாமியார் மருமகளை அணைத்தாள். ஐந்தாம் வீட்டுக்காரர் காலேஜில் பெயிலான தன் மகனை அணைத்தார். வாத்தியாரை அணைக்கப் பக்கத்தில் ஆள் இல்லை, அவர் கிணற்றுத் தூணை அணைத்துக்கொண்டு, "பெட்டிக்குள்ள ரிலே தப்பாப் பிடிக்குது போலிருக்கு" என்று முனகினார். பச்சையை மறுபடி அமுக்கும் வரைக்கும் ஒருத்தரும் ஒருத்தரை விடவில்லை.

எங்கள் பக்கத்தில் வளர்ந்த ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடிப்பது சாவு வீட்டில் மட்டும்தான். அதனால், வளவுக்குள் எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதைத் தெருவில் இருந்து பார்த்த பெண்கள், அள்ளி முடிந்த கொண்டையை அவிழ்த்துக்கொண்டே ஓடிவந்தார்கள். "யாரு போனது?" என்று கேட்டார்கள். "யாரும் போகலை, ரிமோட்டு" என்றாள் என் பெண்டாட்டி காந்திமதி. அவர்கள் சரி என்று கொண்டையை முடிந்துகொண்டு திரும்பிப் போனார்கள், வந்தவர்களில் ஒருத்தி மட்டும் நின்று, "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

அதிசயம் வந்தால் ஊர் என்ன செய்யும் என்று நினைக்கிறீர்கள்? அதற்கு நேரம் ஒதுக்கும். சோறு வடித்த பிறகு, சீரியல் ஆரம்பிக்கும் முன்பு என்று முடிவானது. வடிவு கட்டிலில் இருந்து குரல் கொடுப்பாள்: "அணைக்கப் போறேன், அடுப்புல இருக்கதை இறக்கிக்கிடுங்க." உடனே பெண்கள் ஈரக்கையைத் துடைப்பார்கள், ஆண்கள் பீடியைக் கீழே போடுவார்கள், சளி பிடித்தவர்களும் முதுகில் தைலம் தேய்த்தவர்களும் மரியாதையாக வளவு வாசலுக்கு வெளியே போய் நிற்பார்கள். அடுத்த தெருவில் இருந்து ஆட்கள் வந்தார்கள். துபாய்க்குப் போகிற மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு தகப்பனார் வந்து, முற்றத்தில் மகனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வானத்தைப் பார்த்தபடி, வடிவு எப்போது பொத்தானை அமுக்குவாள் என்று காத்திருந்தார். பெண் பார்க்க வருகிற நேரத்தைச் சாயந்திரத்துக்கு மாற்றினார்கள். சம்பந்திகள் அணைத்துக்கொண்ட பிறகு சீர்வரிசை பேச யாருக்கும் வாய் வரவில்லை. மீட்டர் அளவு எடுக்க வருகிற மனிதர், எந்த வீட்டிலும் ஒரு நிமிஷத்துக்கு மேல் நின்றறியாதவர், ஒருநாள் அந்த நேரமாகப் பார்த்து வந்து, பையைக் கீழே வைத்து, கிணற்றோரம் தனியாக நின்றார்; அவரை அணைக்கப் போய்ச் சேர்ந்தது யார் என்றால், கிணற்றுத் தூணையே அணைத்து அணைத்துச் சலித்துப் போயிருந்த வாத்தியார்.

என் விஷயத்தையும் கேட்டுவிடுங்கள். ஏட்டையா என்னிடம் சொன்னார்: "வே, நான் கையைப் பின்னால கட்டிக்கிட்டுதான் நிக்கேன், அது அவுந்துக்கிடுது."

"என் கிட்ட நிக்காம தூரமா நில்லும்."

"நின்னு பாத்தாச்சு. காலும் நடக்குதே."

மறுநாள் அவர் வீட்டில் இருந்து முருங்கைக்காய் வந்தது. காந்திமதி என்னை அணைத்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அன்றைக்கு வெந்நீர் அடுப்பில் வைத்த தண்ணீர் முழுக்க ஆவியாகிப் போய், பானை மட்டும் இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வாத்தியாருக்கு மட்டும்தான் உறுத்தல். விளக்கை நிறுத்தச் சொன்னால் நிறுத்தாத ரிமோட் ஒரு ரிமோட்டா? பெட்டியைக் கழற்றினார், மாட்டினார், ஈயம் வைத்தார். கடைசியில் காந்திமதிதான், "சார், நீங்க சொல்லுதது அதுக்குப் புரியலை. அமத்துன்னு சொல்லிப் பாருங்க" என்றாள். சும்மா கிடந்த மூன்றாவது பொத்தானுக்கு மேல் 'அமத்து' என்று எழுதி ஒட்டினார். அமுக்கினார். அடக்க ஒடுக்கமாக லைட்டும் காத்தாடியும் நின்றன. "சிவப்புப் பொத்தானை எடுத்துடட்டுமாங்க?" என்று அவர் கேட்டதும், வளவில் ஏழு வீடும் சேர்ந்து அவரைப் பார்த்த பார்வையில் ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த ஆயுத பூஜைக்கு ரிமோட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொட்டு பொத்தானை மறைத்துவிடாமல் ஓரமாக வைத்து, ஒரு தட்டில் பொரி கடலையும் வைத்தோம். நன்றி கெட்டவர்கள் என்று எங்களை யாரும் சொல்லிவிட முடியாது.

எட்டாம் வீடு மட்டும் அப்படியே இருந்தது. அது வேறு லைன். வடிவின் குரல் கேட்டதும் உலகு தன் கதவைச் சாத்திக்கொள்வாள், ஜன்னலில் அவள் வீட்டுக் குண்டு பல்பு ஒன்றும் அறியாததுபோல எரியும். வடிவு படுக்கையில் எக்கி, கையை நீட்டி, எதிர்வாசலைக் குறிபார்த்து சிவப்பை அமுக்கி அமுக்கிப் பார்ப்பாள்.

"அது வேற லைன்ம்மா, போகாது" என்பார் வாத்தியார்.

"ஒரே வயித்துல புறப்பட்ட லைன்தானே சார்" என்பாள் வடிவு.

ஆடி மாதத்தில் செய்தி வந்தது. உலகு வீட்டுக்காரர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டார், மகன் ஓசூரில் வீடு பார்த்துவிட்டான், ஆவணி பிறந்ததும் காலி செய்கிறார்கள். அன்று சாயந்திரம் வடிவு குரல் கொடுக்கவில்லை. என்னவென்று பார்க்கப் போனேன். ரிமோட்டை வயிற்றின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தாள்.

"அண்ணாச்சி, அவ ஓசூர் போயிட்டா, இனிமே நானும் அவளும் கட்டிப்பிடிக்கணும்னா யாராவது ஒருத்தி சாகணும்."

"ஏம்மா அப்படிப் பேசுத."

"வேற எதுக்கு வரப்போறா? நான் செத்தா வருவா. விழுந்து கட்டிப்பிடிச்சு அழுவா, ஊரே பாக்கும். எனக்குத் தெரியாதே. அவ செத்தா நான் போவேன், அவளுக்குத் தெரியாது. ரெண்டு பேருக்கும் தெரியுத மாதிரி ஒரு தடவை வேண்டாமா?"

எனக்குப் பொய் சொல்ல வருகிற அளவுக்கு ஆறுதல் சொல்ல வராது. அதனால் பொய்யையே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாத்தியாரிடம் சொல்லிப் பொது லைனில் இருந்து நீளமாக ஒரு வயர் இழுத்து, அதன் முனையில் ஒரு பல்பை மாட்டி, முற்றத்தைத் தாண்டி எட்டாம் வீட்டுக்குள் கொண்டுபோனேன். உலகு பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"சாமான் கட்டுததுக்கு வெளிச்சம் பத்தாதேன்னு கொண்டாந்தேன்."

அவள் பல்பைப் பார்த்தாள், வயரைப் பார்த்தாள், வயர் போகிற திசையைப் பார்த்தாள். "அண்ணாச்சி, இந்த வயசுல பொய் சொல்லக் கத்துக்கிட்டீங்களா?"

"கத்துக்கிட்டது சின்ன வயசுல. இப்பச் சும்மா பழக்கம் விட்டுப் போயிறக் கூடாதுன்னு."

சிரிப்பை அடக்கிக்கொண்டு பல்பைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "மெசினை அமுக்கி வாரது எனக்கு வேண்டாம். ஏட்டையா உங்களைப் பிடிச்சாரே, அது அவரா பிடிச்சாரா, கரண்டு பிடிச்சுதா? யாருக்குத் தெரியும்? என்னைப் பாக்கணும்னா அவ வரட்டும்."

"அவளால நடக்க முடியாதுல்லா."

"எனக்கு மட்டும் முடியுதாக்கும்" என்றாள் உலகு. அவளுக்குக் காலில் ஒரு கோளாறும் இல்லை.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் லாரி வந்து வளவு வாசலில் நின்றது. கட்டில், பீரோ, கிரைண்டர், மடக்கிய மெத்தை எல்லாம் ஏறின. வளவு ஆண்கள் அத்தனை பேரும் கயிறு இழுக்கவும், இழுக்காதவர்கள் யோசனை சொல்லவும் லாரியைச் சுற்றி நின்றோம். பெண்கள் உலகுக்குக் கட்டுச்சோறும் ஊறுகாயும் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெறும் வீட்டில் ஒரு நிறைகுடமாவது இருக்கட்டும் என்று உலகு குடத்தைக் கிணற்றடிக் குழாயில் வைத்து மோட்டாரைப் போட்டிருந்தாள், குடம் நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்குள் வைத்தாள், அதற்குள் லாரிக்காரர் கூப்பிட்டார், வந்துவிட்டாள். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

வடிவின் கட்டிலுக்குத்தான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் கிணற்றடித் தொட்டி வழிகிற சத்தம், அப்புறம் முற்றத்தில் தண்ணீர் ஓடுகிற சத்தம், அப்புறம், அதுதான் அவளை எழுப்பி உட்கார வைத்தது, அடித்தண்ணீர் தீர்ந்து மோட்டார் காற்றை இழுக்கிற சத்தம். ரிமோட்டை எடுத்து அமத்து பொத்தானை அமுக்கினாள். ஏழு வீட்டிலும் காத்தாடிகள் நின்றன. மோட்டார் நிற்கவில்லை. மோட்டாருக்கும் ரிமோட் வைக்கச் சொல்லி நாங்கள் கேட்டதற்கு வாத்தியார் பயந்துபோய் மறுத்திருந்தார். மோட்டார் யாரைப் போய் அணைக்குமோ என்று. "யாராவது வாங்களேன்" என்று கூப்பிட்டாள். லாரி இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை.

வீட்டுக்குள் நாலு எட்டு வைத்துப் பழக டாக்டர் கொடுத்திருந்த இரும்பு வாக்கர் கட்டிலோரம் இருந்தது. வடிவு அதைப் பிடித்து எழுந்தாள். வாசற்படியில் ஒரு தடவை உட்கார்ந்து, மறுபடி எழுந்து, தன்னை விழத்தட்டிய அதே ஈரத்தில், வாக்கரை முன்னே வைத்து, காலை இழுத்து, வாக்கரை முன்னே வைத்து, காலை இழுத்து, கிணற்றடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். வாசலில் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த நான் திரும்பிப் பார்த்தபோது பாதி முற்றம் தாண்டியிருந்தாள். என் பக்கத்தில் நின்ற உலகும் அப்போதுதான் பார்த்தாள். "ஐயையோ, மோட்டார்" என்று ஊறுகாய்ப் பாட்டிலை ஏட்டையா கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் போய்ச் சேர்ந்தார்கள். தகரக் குல்லாவுக்குள் வடிவின் கை முதலில் நுழைந்தது, அதன் மேல் உலகின் கை விழுந்தது. இரண்டு கையும் சேர்ந்து அமத்தின. மோட்டார் நின்றது. அத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்றும் சேர்ந்து நின்றதுபோல இருந்தது; அதற்குள் லாரிக்காரரும் எஞ்சினை அமத்தியிருந்தார், குழாய் நுனியில் இருந்து சொட்டு விழுவது எனக்கு வாசலில் கேட்டது.

"அன்னைக்கு அமத்தாம விட்டது நாந்தாம்ட்டி" என்றாள் வடிவு.

"இல்லக்கா, நாந்தான். அமத்துதேன்னு சொல்லிட்டு மறந்துட்டேன்."

"சொன்னது நானு. எனக்கு அப்பவே ஞாபகம் வந்துட்டு. ஒத்துக்கிட வாய் வரலை."

"எனக்கும்தான் ஞாபகம் இருக்கு. நாந்தான் சொன்னேன்."

"நாந்தாங்கேன், நீ என்ன எதுத்துப் பேசுத?"

"நீ எப்பவும் இப்படித்தான், எல்லாம் உனக்கே வேணும்."

இன்னொரு மீட்டர் வாங்க வேண்டியிருக்குமோ என்று எனக்குக் கவலை வந்துவிட்டது. வடிவு தங்கச்சி முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "சரி, மோட்டாரை அமத்தாதது யாராவும் இருந்துட்டுப் போகட்டும். இத்தனை வருசமா உன்னை அணைக்காதது நாந்தானட்டி."

வாக்கர் கீழே விழுந்து டணார் என்றது. வடிவு விழவில்லை, அவளை உலகு பிடித்திருந்தாள். நல்ல பட்டப்பகல், ஒரு லைட் எரியவில்லை, ரிமோட் முதல் வீட்டுக் கட்டிலில் கிடந்தது, கரண்டுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. இரண்டு பேரும் நனைந்த முற்றத்தில் நின்று, ஒருத்தி தோளில் ஒருத்தி முகத்தைப் புதைத்துக்கொண்டு, சாவு வீட்டில் அழுவதைவிடச் சத்தமாக அழுதார்கள்.

தெருப் பெண்கள் கொண்டையை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார்கள், இது ரிமோட் நேரம் இல்லையே. "யாரு போனது?" என்று கேட்டார்கள்.

ஏட்டையா ஊறுகாய்ப் பாட்டிலை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தார். "யாரும் போகலை" என்றார். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். "நீரு கொஞ்சம் சும்மா இரும்யா, யாரும் போகலைன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்லா" என்று அவரை அதட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

உலகு அன்றைக்கு ஓசூருக்குப் போனாள்தான். ஆனால் எங்கள் வளவில் அதை யாரும் போனதாகக் கணக்கில் வைக்கவில்லை. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வருகிறாள், அக்காள் காலுக்கு வருகிறாள், ஒன்றும் இல்லாததற்கும் வருகிறாள். வரும்போது பஸ் ஸ்டாண்டில் இருந்து போன் போட்டு, "அடுப்புல இருக்கதை இறக்கி வையிக்கா" என்கிறாள்.

அந்த லாரி போன அன்று சாயந்திரம்தான் சொல்லவேண்டிய கடைசி விஷயம் நடந்தது. வடிவு வழக்கம்போலக் குரல் கொடுத்தாள், நாங்கள் வழக்கம்போலக் கையைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தோம். சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். லைட் பளிச்சென்று ஆகவில்லை. ஏழு வீட்டிலும் ஒரே சமயத்தில் அணைந்தது. இரண்டு பேர் அந்தரங்கமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது மரியாதை தெரிந்த மூன்றாவது ஆள் முகத்தைத் திருப்பிக்கொள்வானே, அந்த மாதிரி அணைந்தது. கிணற்றடியில் நடந்ததைக் கேட்டுக்கொண்டிருந்து, ஆட்களை அணைப்பது ஆட்களின் வேலை, விளக்கை அணைப்பதுதான் தன் வேலை என்று எங்கள் கரண்டு அன்றைக்குக் கற்றுக்கொண்டுவிட்டது. "ஒருவழியா சரியாயிடுச்சுங்க" என்று இருட்டுக்குள் வாத்தியார் சந்தோஷப்பட்டார்.

இனி கையைக் கரண்டு தூக்காது, காலைக் கரண்டு நடத்தாது, அவரவர் பாடு. நான் இருட்டில் தோல் பெல்ட் வாடை வந்த திசையில் ஒரு எட்டு வைத்தேன். அங்கே ஏட்டையா ஏற்கெனவே இரண்டு எட்டு வைத்திருந்தார்.

இப்போதும் அப்படித்தான். சோறு வடித்த பிறகு வடிவு குரல் கொடுக்கிறாள், சொன்னபடி விளக்குகள் அணைகின்றன, இருட்டில் நாங்கள் பக்கத்தில் இருப்பவரைத் தேடிப் பிடித்துக்கொள்கிறோம். அந்த ரிமோட்டுக்கும், அதில் தமிழில் எழுதி ஒட்டிய மன்னார்குடிக்காரருக்கும், எங்கள் பேச்சைத் தப்பாகப் புரிந்துகொண்டு எங்களுக்குச் சரியாகச் செய்த கரண்டுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். விளக்கு மறுபடி எரியும்போது யார் யாரைப் பிடித்திருந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கரண்டுக்குத் தெரியும், ஆனால் அது சொல்லாது. அதற்குக் காது உண்டு என்றுதான் சொன்னேன், வாய் உண்டு என்று சொன்னேனா?